பழைய கடைக் கட்டிடத்தைத் திருத்தி அங்கேயே வாழவும் தொழில் செய்யவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் பழைய கடையோ, களஞ்சியமோ, ஓடாமல் நிற்கும் அரிசி ஆலையோ கைக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. முதுசமாக வந்திருக்கலாம், விலைக்கு வாங்கியிருக்கலாம். முன்னால் தொழில், பின்னாலோ மேலேயோ குடியிருப்பு என்பதுதான் பெரும்பாலானோரின் எண்ணம். நான் கட்டிட வேலைகளுக்குப் படம் வரைந்து, வேலைத்தளத்தில் நின்று மேற்பார்வை செய்பவன். நம் ஊர்க் கடைத்தெருக்களில் நிற்கும் நல்ல சுவர்கள் அவசரத்தில் இடிக்கப்படுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அதனால் பதில்கள் சில இடங்களில் நீளமாக இருக்கும்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது லாபம் இல்லையா? எல்லாரும் அதைத்தானே சொல்கிறார்கள்?

சுவரும் அத்திவாரமும் நன்றாக இருந்தால் லாபம் இல்லை. முதல் காரணம் நிலம். பழைய கடைகள் பெரும்பாலும் வீதியை ஒட்டியே நிற்கின்றன. இடித்துவிட்டால் புதுக் கட்டிடம், வீதியிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டிய எல்லையான இன்றைய கட்டிடக் கோட்டுக்குப் பின்னால் போக வேண்டும், பின்புறத்திலும் வெறும் இடம் விட வேண்டும். மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் மூன்று நான்கு பேர்ச்சில் நிற்கும் கடையில் இந்த இரண்டையும் கழித்துப் பாருங்கள். மிஞ்சும் தரைக்கு மாடி வைத்தாலும் பழைய அளவு திரும்பி வராது. இடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை. முதலில் உங்கள் உள்ளூராட்சிச் சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, பொருள். கூரையில் இருக்கும் முதிரை, பாலை, தேக்கு மரங்களை இன்று அதே தரத்தில் வாங்கப் போனால் விலை கேட்டே திரும்பி வருவீர்கள். ஒன்றரை அடிச் சுவர், கச்சான் எனும் காய்ந்த காற்று வீசும் காலத்து மத்தியான வெயிலை மாலை வரை உள்ளே விடாது. ஆறு அங்குல புளொக் கல்லுச் சுவரால் அது முடியாது.

இடிக்கத்தான் வேண்டும் என்று நானே சொல்லும் கட்டிடங்களும் உண்டு. அத்திவாரம் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டே போவது ஒன்று. கடல் மணல் கலந்து போட்ட பழைய கொங்கிரீட் தட்டு, அடியில் கம்பி முழுக்கத் துருப்பிடித்துப் பாளம் பாளமாக உதிர்வது இன்னொன்று. கம்பியில் ஏறும் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து கொங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். மேலால் பூசி மறைத்தால் அது நிற்காது. எண்பது வருடச் செங்கல் சுண்ணாம்புச் சுவரைவிட ஐம்பது வருடக் கொங்கிரீட்டைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

மழைக்காலத்தில் பாருங்கள். விற்பவர் சித்திரையில் காட்டுவார். நீங்கள் கார்த்திகையிலோ மார்கழியிலோ இன்னொரு முறை போய்ப் பாருங்கள். கூரை எங்கே ஒழுகுகிறது, பின்வளவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது, வீதி மட்டத்தைவிடக் கடைத் தரை தாழ்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வீதியை ஒவ்வொரு முறையும் உயர்த்தி உயர்த்தி, பல பழைய கடைகளின் வாசற்படி இன்று தார் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது.

அடுத்து, அங்கே முன்னர் என்ன விற்றார்கள் என்று அயலில் கேளுங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, ஆனால் பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது. கருவாடு, உப்பு வைத்த களஞ்சியமென்றால் தரையும் சுவரின் அடிப்பகுதியும் உப்பைக் குடித்திருக்கும். உரக்கடையும் அப்படித்தான், உரத்தின் உப்புகள் செங்கல்லுக்குள் போய்விடும். பூச்சிமருந்துக் கடையாக இருந்தால், மருந்து சிந்திய சீமெந்துத் தரையைக் கழுவி மேலே ஓடு பதிப்பது தீர்வல்ல. அந்தத் தரையை வெட்டி எடுத்து அகற்ற வேண்டும், அந்த அறையைச் சமையலறையாகவோ படுக்கையறையாகவோ ஆக்கக் கூடாது. பெற்றரி திருத்திய கடையென்றால் ஈயம். சின்னப் பிள்ளைகள் தவழும் வீடாக்கப் போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். புடவைக்கடை, புத்தகக்கடை, தையற்கடை என்றால் நிம்மதி.

அப்புறம் சில சின்னச் சோதனைகள். ஒரு சதுர அடிப் பொலித்தீனை, நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் மட்டும் கட்டினால் அது காற்றின் ஈரம். வெடிப்பு இருந்தால் அதன் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது வெடிப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். நகராத பழைய வெடிப்புக்குப் பயப்படத் தேவையில்லை. வளை, கைமரம் என்று தளத்தையும் கூரையையும் தாங்கும் மரங்கள் எல்லாவற்றையும் ஸ்க்ரூ ட்ரைவரின் பிடியால் தட்டிக் கேளுங்கள். கறையான் தின்ற மரம் பொத்தென்று சத்தம் போடும்.

காணி உறுதி இருக்கிறது. அது போதாதா?

போதாது. கடைக் கட்டிடங்களில் காணிப் பிரச்சினை வீடுகளைவிடச் சிக்கல். ஒரு தலைமுறைக்கு முன் அண்ணன் தம்பிமார் சேர்ந்து நடத்திய கடை, பிரிக்கப்படாத பங்குகளாக இன்று பல பேருக்குப் போயிருக்கும், அதில் சிலர் வெளிநாட்டில் இருப்பார்கள். ஒருவர் எழுதித் தரும் உறுதி அவருடைய பங்குக்கு மட்டும்தான். காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளை ஒரு சட்டத்தரணி மூலம் தேடிப் பார்க்காமல் ஒரு மூடை சீமெந்தும் இறக்க வேண்டாம்.

அம்பாறை மாவட்டத்தில் பல காணிகள் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணிகள். அவற்றைப் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. கடைத்தெருவில் சபைக்குச் சொந்தமான கடை, கோயில் காணி, பள்ளிவாசலுக்கு அறக்கொடையாக விட்ட வக்பு காணி என்பனவும் உண்டு. குத்தகைக்கு எடுத்த கடையில் குடியிருக்க அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

உள்ளே பழைய வாடகைக்காரர் இருந்தால் கவனம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பல பழைய வாடகைக்காரருக்கு வலுவான பாதுகாப்பைக் கொடுக்கிறது. "வாங்கின பிறகு எழுப்பிவிடலாம்" என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். யுத்த காலத்தில் உரிமையாளர் இடம்பெயர்ந்து, வேறொருவர் வந்திருந்து நடத்திய கடைகளும் இருக்கின்றன. 10 வருடத் தடையற்ற அனுபவ உரிமை என்ற வாதம் அங்கே எழலாம். இதை மேசனிடமும் என்னிடமும் கேட்காமல் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

உள்ளுக்குள் மட்டும்தான் திருத்துகிறோம். சபை அனுமதி வேண்டுமா?

வேண்டும், இரண்டு காரணத்துக்காக. சுவரை உடைத்து வாசல் வைப்பது, மாடி வைப்பது, மலசலகூடம் கட்டுவது எல்லாம் கட்டிட வேலை. அதைவிட முக்கியம், வியாபாரத்துக்கென்று பதிவான கட்டிடத்தைக் குடியிருப்பும் சேர்ந்ததாக ஆக்குவது பாவனை மாற்றம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசங்களில் இதையும் அபிவிருத்தி வேலையாகவே பார்க்கிறது. விண்ணப்பத்தை உங்கள் சபையில்தான் கொடுக்க வேண்டும். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்றால் மாநகர சபை. காத்தான்குடி, ஏறாவூர் நகர சபை. மற்ற ஊர்களில் பிரதேச சபை. வேலை முடிந்த பின், அனுமதித்த படத்தின்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழும் எடுத்து வையுங்கள், வங்கியும் காப்புறுதியும் பின்னாளில் அதைத்தான் கேட்கும்.

கடலிலிருந்து 300 மீட்டருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படலாம். வாவிக் கரையோரமென்றாலும் அங்கே கேட்டுவிடுங்கள். கட்டிடம் மட்டக்களப்புக் கோட்டைக்குக் கிட்ட இருந்தால் தொல்லியல் திணைக்களத்திடமும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. கல்முனை வழியாகப் போகும் ஏ4 போன்ற பெருந்தெருவில் முகப்பைத் தொடுவதாக இருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கோடும் வரும்.

சுவரின் அடியில் மூன்று அடிக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. எத்தனை முறை பூசினாலும் நிற்கவில்லை. என்ன செய்வது?

வந்த கேள்விகளில் பாதி இதுதான். முதலில் ஏன் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

நம் கரையோரம் மணல் நிலம். கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் தரைக்குக் கிட்ட வந்துவிடும். பழைய கடைகளில் அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஈரந்தடுப்பு பெரும்பாலும் இருக்காது. நீர் செங்கல் வழியாக மேலேறும், கூடவே உப்பையும் ஏற்றும். இந்த உப்புக்கு ஒரு குணம்: காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே நீரை இழுத்துக் கரையும், காற்று காய்ந்தால் மறுபடி படிகமாகும். படிகமாகும்போது பருத்துப் பூச்சைத் தள்ளும். அதனால்தான் மழைக்கால வாடைக் காற்றில் சுவர் வேர்த்துக் கிடக்கிறது, கச்சான் அடிக்கத் தொடங்கியதும் பூச்சு மாவாகக் கொட்டுகிறது. ஆனி, ஆடியில் சுவரோரம் கூட்டினால் வெள்ளையாக ஒரு தூள் வரும். விரலில் தொட்டு நாக்கில் வைக்கத் தேவையில்லை, உப்புதான். உரக்கடையாக இருந்த இடத்தில் கட்டாயம் வைக்கக் கூடாது.

இப்போது சீமெந்துப் பூச்சு என்ன செய்கிறதென்று பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு சட்டை போல, வேர்வை அதன் வழியாகக் காய்ந்துபோகும். சீமெந்தும் பிளாஸ்டிக் பெயின்டும் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் காய இடமில்லாமல் இன்னும் மேலே ஏறும். மூன்று அடியில் இருந்த கறை ஐந்து அடிக்குப் போவது இதனால்தான். அதை மறைக்க நான்கு அடிக்கு ஓடு பதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுக்கு மேலே ஆறாவது அடியில் கறை வரும். கூடவே வளையின் நுனி சுவருக்குள் ஈரத்தில் ஊறும், அது பூச்சைவிடப் பெரிய நட்டம்.

செய்ய வேண்டியது இது. முதலில் வெளியே: கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் பீலி வைத்துத் தள்ளி விடுங்கள். வெளிமண் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் வெட்டித் தாழ்த்துங்கள். சுவரை ஒட்டிப் போட்ட கொங்கிரீட் நடைபாதையை ஓர் அடி அகலத்துக்கு வெட்டி, சல்லி நிரப்புங்கள். இதைச் செய்யாமல் உள்ளே எது செய்தாலும் வீண்.

பிறகு உள்ளே, கறை நிற்கும் உயரத்துக்கு ஓர் அடி மேல் வரை சீமெந்துப் பூச்சை எடுத்துவிடுங்கள். செங்கல் இடுக்கிலுள்ள உளுத்த சாந்தைச் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் அதே உப்பு உள்ளே திரும்பிப் போகும். உப்பு மிக அதிகமென்றால், கடதாசிக் கூழையோ களிமண்ணையோ நல்ல தண்ணீரில் குழைத்துச் சுவரில் அப்பி, காய்ந்து உரியும்போது எடுக்க வேண்டும். காயக் காய உப்பு அதற்குள் வந்துவிடும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டி வரும். அடுத்து ஒரு கச்சான் காலம் முழுக்கச் சுவரைத் திறந்தபடி காய விடுங்கள். இந்தப் பொறுமைதான் பலரிடம் இல்லை, ஆனால் இதற்கு மாற்று கிடையாது.

காய்ந்த பின் சுண்ணாம்புச் சாந்து, ஒன்றுக்கு மூன்று ஆற்று மணல். கடல் மணல் வேண்டவே வேண்டாம். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு உள்ளாக மெல்லிய பூச்சாகப் பூசி, இறுகிய பின் அடுத்தது. ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காய விடுங்கள். மேலே சுண்ணாம்பு அடிப்பு மட்டும். சில வருடத்தில் அடிப்பகுதிப் பூச்சு மறுபடி உதிரலாம். உப்பைத் தான் வாங்கிக்கொண்டு செங்கல்லைக் காப்பதுதான் அதன் வேலை, உதிர்ந்த இடத்தை மட்டும் திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

மேசன் சுண்ணாம்பு வேலை தெரியாது, சீமெந்துதான் நிற்கும் என்கிறார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர் நல்ல மேசன். வயதான மேசன்மார் ஊருக்கு ஓரிருவர் இன்னும் இருக்கிறார்கள். கோயில் வேலை, பழைய பள்ளிக்கூட வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓடியாடி வேலை செய்ய முடியாவிட்டாலும் ஒரு கதிரையில் அமர்ந்து சொல்லிக்கொடுப்பார்கள், அதற்கும் நாட்கூலி கொடுங்கள். ஒரு சின்னச் சுவரில் முதலில் பழகட்டும்.

கூரை ஓடுகளை எடுத்துவிட்டுத் தகரச் சீட் போடலாமா? ஓடு ஒழுகுகிறது.

ஓடு ஒழுகுவதற்கு ஓடு காரணமாக இருப்பது குறைவு. ஓட்டைத் தாங்கும் சலாகை வளைந்து ஓட்டின் வரிசை பிசகியிருக்கும், அல்லது முகட்டுச் சாந்து வெடித்திருக்கும். ஓட்டை இறக்கி, உடைந்ததை நீக்கி, சலாகையை மாற்றி, திரும்ப வேய்ந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தகரச் சீட்டின் கீழ் மாடியில் பங்குனியிலிருந்து ஆவணி வரை மத்தியானத்தில் இருக்க முடியாது, அதன் கீழ் தையல் மெசினோ கம்பியூட்டரோ வைத்துத் தொழில் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் காற்றை மறக்கக் கூடாது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைப் பற்றி வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள், கூரைகள் எப்படிப் போயின என்று சொல்வார்கள். காற்று கூரையை அமுக்குவதில்லை, கீழிருந்து தூக்கும். பழைய கடைகளில் சுவர்த்தலை வளை சும்மா சுவரில் உட்கார்ந்திருக்கும். அதைச் சுவருக்குள் சில அடி இறங்கும் கம்பியால் கட்டி, கைமரத்தை வளையோடு உலோகப் பட்டியால் இணைத்து, விளிம்பு வரிசை ஓடுகளைக் கம்பியால் கட்ட வேண்டும். கடற்கரைக் காற்றில் சாதாரண ஆணி, கம்பி சீக்கிரம் துருவேறும், துருப்பிடிக்காத எஃகையே கேட்டு வாங்குங்கள். கூரை இறங்கியிருக்கும் வேளையில் இந்த வேலையின் செலவு சொற்பம். ஏற்றிய பிறகு செய்வது பெரும்பாடு.

முகப்பில் பெயரும் வருடமும் எழுதிய தலைச்சுவர் இருந்தால் அதைப் பின்னாலிருந்து கூரைச் சட்டத்தோடு பிணையுங்கள். பார்க்க அழகு, ஆனால் தனியே நிற்கும் சுவர், கீழே நடைபாதை.

பின்கட்டில் அஸ்பெஸ்டஸ் சீட் இருந்தால் அதை உடைக்கவோ, துளையிடவோ, வாளால் அறுக்கவோ வேண்டாம். அதன் தூசு புற்றுநோய் தரும், எல்லா வகை அஸ்பெஸ்டஸும் அப்படித்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீட்டாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றி, எங்கே ஒப்படைப்பதென்று சபையில் கேளுங்கள். வேலையாட்களுக்குச் சாதாரணத் துணி மாஸ்க் போதாது. உடைந்த துண்டுகளை வளவில் போட்டு மேடு நிரப்புவதைப் பல இடங்களில் காண்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மேல்மாடிப் பலகைத் தளம் தாங்குமா?

நடுவில் நின்று குதிகாலால் உதையுங்கள். அதிர்வு உடனே நின்றால் நல்லது, அலமாரிக் கண்ணாடி கிலுகிலுத்தால் ஆளைக் கூப்பிடுங்கள். ஆபத்து நடுவில் இல்லை, மரம் சுவருக்குள் நுழையும் நுனியில் இருக்கிறது. அங்கே சின்ன ட்ரில் போட்டுப் பாருங்கள். காய்ந்த, வெளிறிய தூள் வந்தால் மரம் சுகம். கறுத்து ஈரமாக வந்தால் நுனி உளுத்துவிட்டது. முழு மரத்தையும் மாற்றத் தேவையில்லை, உளுத்த நுனியை வெட்டி எஃகுத் தாங்கியில் அமர்த்தலாம். இதற்கு மட்டும் பொறியியலாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

குடியிருப்பும் தையல், கணினி, டியூட்டரி மேசைகளும் மேலே சரி. அச்சு இயந்திரம், புத்தகக் கட்டுகள், தண்ணீர்த் தாங்கி எல்லாம் கீழே.

சம்மாந்துறைப் பக்கம் ஓடாத அரிசி ஆலை ஒன்று இருக்கிறது. அதை வீடாக்கலாமா?

ஆலையின் நல்ல பக்கம் அதன் உயரமும் அகலமும். நெல் காயப்போட்ட சீமெந்துக் களம் முற்றமாகிவிடும், தறி போடவோ தளபாடம் செய்யவோ அதைப்போல் இடம் கிடையாது. மருதமுனைப் பக்கம் கைத்தறி வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

கஷ்டமான பக்கம் நான்கு. இயந்திரம் நின்ற மேடை எண்ணெயில் ஊறியிருக்கும். அதன்மேல் பூச்சும் பிடிக்காது, ஓடும் பிடிக்காது, மணமும் போகாது. மேற்பகுதியைச் சில அங்குலம் வெட்டி எடுங்கள், அல்லது அந்த இடத்தைப் பட்டறையாகவே விடுங்கள். நெல் அவித்த தொட்டிகளும் ஊறப்போட்ட தொட்டிகளும் ஆழமானவை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முதல் நாளே மூட வேண்டும். ஒன்றைச் சுத்தப்படுத்தி மழைநீர்த் தொட்டியாக வைத்துக்கொள்ளலாம், இறுகிய மூடியோடு. புகைபோக்கி தனியே நின்றால் பொறியியலாளரிடம் காட்டாமல் அதன் கீழ் எதுவும் கட்ட வேண்டாம். உமித்தூசு கூரை மரத்தில் தடித்துப் படிந்திருக்கும். வெல்டிங் வேலை தொடங்க முன் எல்லாவற்றையும் கூட்டி இறக்குங்கள், ஒரு பொறி போதும்.

மின்சாரம்?

பழைய வயரிங் ஒன்றையும் நம்ப வேண்டாம். ரப்பர் உறை போட்ட வயர்கள் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். முழுவதும் கழற்றிப் புதிதாகப் போடுங்கள், மின் கசிந்தால் தானாக நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். மணல் நிலம் கோடையில் காய்ந்துவிடும், அதனால் எர்த் கம்பியை ஈரம் இருக்கும் ஆழத்துக்கு அடித்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுப் பாவனைக்கும் தொழிலுக்கும் கட்டணப் பிரிவு வேறு. கடை மீட்டரிலேயே வீட்டையும் ஓட்டினால் கடைக் கட்டணம்தான் வரும், வீட்டு மீட்டரில் தொழில் நடத்துவது முறையல்ல. வயரிங்கை ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்து இரண்டு மீட்டருக்கு விண்ணப்பியுங்கள். சபையின் சோலை வரியும் பாவனையைப் பொறுத்து மாறும், அதையும் கேட்டுவையுங்கள்.

கடையில் மலசலகூடமே இல்லை. பின்னால் இருப்பது சின்ன வளவு, அதில் கிணறும் இருக்கிறது.

சின்ன வளவில் இது உண்மையிலேயே கடினம். மலசலகூடக் கழிவுநீர் மண்ணில் ஊறும் ஊறுகுழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு, அயலவரின் கிணற்றையும் சேர்த்து. மணலில் கழிவுநீர் வேகமாக ஓடும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயரும்போது ஊறுகுழி நிரம்பிப் பின்னால் தள்ளும்.

இடைவெளி கிடைக்காவிட்டால் கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பாவிப்பதை விட்டுவிட்டு, குழாய் நீர் எடுங்கள். மட்டக்களப்பு நகரத்துக்கு உன்னிச்சைக் குளத்து நீர் வருகிறது. மலக்கழிவுத் தொட்டியை நீர் புகாதபடி கட்டி, ஊறுகுழியை நிலத்தில் தோண்டாமல் மேடாக உயர்த்திக் கட்டலாம். படத்தை வரையும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். வரைந்த பிறகு காட்டினால் இரண்டாம் முறை வரைய வேண்டி வரும். கழிவை உறிஞ்சும் பவுசர் வந்து குழாய் போட வழியிருக்கிறதா என்றும் பாருங்கள், வரிசைக் கடைகளில் பின்வழி இல்லாத இடங்கள் பல.

முன்னால் கடை, பின்னால் வீடு. எப்படிப் பிரிப்பது?

முதலில் உயிர் தப்பும் வழியைச் சொல்கிறேன். இரவில் முன் ஷட்டரைப் பூட்டிவிட்டு, பின்பக்கம் கள்ளனுக்குப் பயந்து இரும்புக் கிறில் போட்டு, மேலே குடும்பம் தூங்கும் கடைகள் நம் ஊர்களில் நிறைய. கீழே தீப்பிடித்தால் அவர்களுக்கு வெளியேற வழியில்லை. வீட்டுக்குத் தனி வாசலும் தனிப் படியும் வையுங்கள். கடைக்குள்ளால் மட்டுமே இறங்கும் படி ஒருபோதும் ஒரே படியாக இருக்கக் கூடாது. மாடியில் ஒரு ஜன்னல் கிறில்லாவது உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் படியின் கீழ் வேண்டாம்.

தனி வாசல் வேறு விதத்திலும் நல்லது. வீட்டுப் பெண்கள், வயதானவர்கள், விருந்தாளிகள் வாடிக்கையாளருக்கு நடுவால் போய்வரத் தேவையில்லை. கடையை ஒருநாள் வாடகைக்குக் கொடுக்க நினைத்தாலும் வீடு குழம்பாது.

வெக்கைக்கும் சத்தத்துக்கும் ஒரே மருந்து நடுமுற்றம். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆறடி அகலமாவது வானம் பார்க்க விட்டால் இரண்டு பக்கத்துக்கும் காற்றும் வெளிச்சமும் வரும், பஸ் ஹோன் சத்தம் பின்னுக்குப் போகாது. நீளக் கடைகளில் பின்னாளில் கூரை போட்டு மூடிய முற்றம் இருக்கும், அதைத் திறந்தாலே போதும். சமையலறையைக் கடைசியில் வையுங்கள்.

முன்பக்கம் பழைய பலகைக் கதவு இருந்தால் எடுத்து எறிய வேண்டாம். ஒவ்வொரு பலகையாக மேல்கீழ் காடிக்குள் சொருகும் கதவு அது. பலகையின் தலையில் வரிசை எண் செதுக்கியிருக்கும், ஏனென்றால் ஒன்றின் இடத்தில் மற்றது போகாது. கடைசிப் பலகைதான் எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டும். தச்சு ஓடாவியிடம் கொடுத்து அடிப்பகுதியில் உளுத்த நான்கு அங்குலத்தை மட்டும் வெட்டி ஒட்டலாம். பலகையை எடுத்தால் முகப்பு முழுவதும் காற்றுக்குத் திறக்கும், எந்தக் கண்ணாடி முகப்பாலும் அது முடியாது. பாதுகாப்புக்கு உள்ளே ஒரு மடக்குக் கிறில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கடையோடு பொதுச்சுவர். என்னென்ன செய்யக் கூடாது?

அதில் வாசல் வெட்டக் கூடாது, புது வளை ஏற்றக் கூடாது, அதன் அத்திவாரத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. வேலை தொடங்க முன் அயலவரின் பக்கம் உள்ள வெடிப்புகளை அவரோடு சேர்ந்து படமெடுத்து, இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பல வருட நட்பு ஒரு வெடிப்பால் கெட்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

எந்த மாதம் தொடங்கலாம்?

கூரை இறக்குவதென்றால் தைப்பொங்கல் கழிந்து, மழை நன்றாக ஓய்ந்த பிறகு. மாசியில் கூரை, வைகாசிக்குள் மரமும் ஓடும் முடிந்துவிட வேண்டும். கச்சானில் சுவர் காயட்டும், ஆவணியில் பூச்சு. ஐப்பசி பிறந்தால் திறந்த கூரை ஒன்றும் இருக்கக் கூடாது. அனுமதிக்கும் காணித் தேடலுக்கும் முந்திய மழைக்காலத்தைப் பயன்படுத்துங்கள்.

எவ்வளவு செலவு முடியும்?

கட்டிடத்தைப் பார்க்காமல் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்பவரை நம்ப வேண்டாம். புதுக் கட்டிடத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தும், பழையதில் சுவரைத் திறந்தால்தான் வேலை தெரியும். ஒப்பந்தத்தை வேலை வேலையாகப் பிரித்து, அளந்து கொடுக்கும் முறையில் எழுதுங்கள். உங்கள் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கையாவது தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பணம் குறைந்தால் ஓடு, பெயின்ட், சீலிங்கைப் பின்போடலாம். கூரை, வடிகால், வயரிங், தனி வாசல் இந்த நான்கையும் பின்போட வேண்டாம்.

மனையடி சாஸ்திரப்படி வாசல் சரியில்லை என்கிறார்கள்.

மனம் ஒப்பாத வீட்டில் இருக்க முடியாது, ஆகவே அதைத் தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் சாஸ்திரியாரை முதல் நாளே அழையுங்கள், சுவர் உடைக்கத் தொடங்கிய பின் அல்ல. பாரம் தாங்கும் சுவர் எது என்று அவருக்கும் காட்டுங்கள். வீட்டுக்கென்று தனி வாசல் வைக்கும்போது பெரும்பாலும் அதிலேயே திசை சரிப்படுத்த முடிகிறது.

வேலை நடக்கும்போதே குடியேறலாமா? இரண்டு வாடகை கட்ட முடியவில்லை.

பலருடைய நிலைமை அதுதான். கூரை, வயரிங், மலசலகூடம் மூன்றும் முடிந்த பிறகென்றால் வரலாம். பின்கட்டை முதலில் முடித்து அங்கே இருந்துகொண்டு, முன்கட்டை வேலைக்கு விடுங்கள். நடுவில் பொலித்தீன் திரை போட்டு இரண்டு பக்கமும் பலகையால் அடியுங்கள். சுண்ணாம்பு நீற்றும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம், கண்ணில் பட்டால் பார்வை போகலாம். பட்டுவிட்டால் நல்ல தண்ணீரால் நிறையக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அஸ்பெஸ்டஸ் இறக்கும் நாட்களிலும் கறையான் மருந்து அடிக்கும் நாட்களிலும் குடும்பம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். தொழிலை முன்கட்டு முடியும் வரை பின்னால் ஓர் அறையில் நடத்தலாம், ஆனால் வியாபார உரிமத்தில் அதே முகவரி இருக்கிறதா என்று சபையில் பார்த்துக்கொள்ளுங்கள்.